நிச்சயித்த பெண் எந்த வீட்டுப் பெண்? சீன சரித்திரத் தொடர்கள்: கேள்வி பதில்

சீன சரித்திரத் தொடர்களில் வரும் நிச்சயதார்த்தம், அரண்மனைச் சதி, பாதியில் நின்றுபோகும் சம்பந்தம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எனக்கு அந்தத் தொடர்களில் மொட்டைமாடி நிலா வெளிச்சக் காட்சிகளைவிடப் பிடித்தது, பரிசம் வாங்கிய நாளுக்கும் பெண் பல்லக்கில் ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். ஆட்சி சரியாக அப்போதுதான் கவிழும்.

கே: அக்கா, நான் பார்க்கும் தொடரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் நாயகியின் அப்பா மேல் ராஜதுரோகப் பழி விழுகிறது. குடும்பத்தையே இழுத்துப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து "இவள் எங்கள் மருமகள்" என்று சொல்லி அவளை மட்டும் மீட்கிறார்கள். கதைக்காகச் சேர்த்ததுதானே?

ப: இல்லை, கிட்டத்தட்ட இதேபோல் நடந்திருக்கிறது. கி.பி. 300இல் ஜின் வம்சத்து இளவரசர் சிமா லுன், பட்டத்தரசி ஜியாவைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பிடித்தார். ஷியே ஜியே என்ற அதிகாரியின் குடும்பத்தோடு அவருக்குப் பழைய பகை. கைக்கு அதிகாரம் வந்ததும் அந்தக் குடும்பத்தையே ஒழிக்க உத்தரவு போட்டார். ஷியே ஜியேயின் மகளைப் பெய் என்ற குடும்பத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் கல்யாணம். பெய் வீட்டார் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்று உரிமை கோரிக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவளோ, "வீடே இப்படி ஆன பிறகு நான் பிழைத்து என்ன செய்ய?" என்று மறுத்துவிட்டாள். அவளையும் கொன்றார்கள். குடும்பக் குற்றத்தில் பெண்களைச் சேர்த்துக் கொல்லும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அரசவையில் எழுந்தது அதற்குப் பிறகுதான். அந்த வரலாற்று நூலில் அவள் பெயர்கூட இல்லை, "மகள்" என்பதோடு சரி.

இதற்கு முன்கதையும் உண்டு. 255இல் வூச்சியு ஜியான் என்ற தளபதி, அப்போது வெய் அரசைக் கையில் வைத்திருந்த, பின்னால் ஜின் வம்சத்தை நிறுவிய சிமா குடும்பத்தை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றார். அவருடைய பேத்தி வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கும் மரண தண்டனை. அப்போது மேலிடத்துக்குப் போன முறையீட்டில் ஒரு நியாயம் கேட்டார்கள்: பெண்ணை மட்டும் பிறந்த வீட்டுக் குற்றத்துக்கும் புகுந்த வீட்டுக் குற்றத்துக்கும் இரண்டு பக்கமும் தண்டிப்பது என்ன முறை? கல்யாணம் ஆகாதவள் பிறந்த வீட்டோடு, ஆனவள் புகுந்த வீட்டோடு என்று சட்டம் மாறியது. நிச்சயம் ஆகி, கல்யாணம் ஆகாதவள் கதி? அது தெளிவாகாமல் கிடந்தது. ஷியே வீட்டுப் பெண் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

பிற்காலத்தில் வந்த தாங் வம்சத்துச் (618-907) சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. நிச்சயமான பெண்ணின் பிறந்த வீடு ராஜதுரோகத்தில் மாட்டினால் அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாம். மாப்பிள்ளை வீடு மாட்டினால், இன்னும் வீட்டுக்கு அழைத்து வராத பெண்ணைத் தொடக்கூடாது. ஆக, தாங் காலக் கதையில் அந்தக் காட்சி வந்தால் தாராளமாக நம்பலாம்.

கே: நாயகி "எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று நிச்சயப் பத்திரத்தைக் கிழித்து வீசுகிறாள். நிஜத்தில் முடியுமா?

ப: கிழிக்கலாம், அடி விழும். தாங் சட்டப்படி சம்மதக் கடிதம் கொடுத்த பிறகு பெண் வீட்டார் பின்வாங்கினால் 60 பிரம்படி. வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்தால் 100. வேறு ஒருவனுக்குக் கட்டியே வைத்துவிட்டால் ஒன்றரை வருடம் கட்டாய உழைப்பு, அதோடு பெண்ணை முதல் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். கடிதமே இல்லாவிட்டாலும் பரிசம் வாங்கியிருந்தால் வாக்குக் கொடுத்ததாகத்தான் கணக்கு. ஒரு அடி பட்டுத் துணி வாங்கியிருந்தாலும் போதும். விருந்துச் சாப்பாடு மட்டும் சேராது, அதனால் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் தப்பித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால்? தண்டனையே இல்லை. கொடுத்த பரிசத்தைத் திரும்பக் கேட்க முடியாது, அவ்வளவுதான். கோபம் வருகிறதா? எனக்கும்தான். தொடரில் ஹீரோ எத்தனை தடவை நிச்சயத்தை முறித்தாலும் அவன் முதுகு பத்திரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கே: பெண் கேட்டு வரும்போது எதற்கு வாத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

ப: அது காட்டு வாத்து. பழைய முறைப்படி கல்யாணத்துக்கு ஆறு சடங்கு: பெண் கேட்பது, பெயர் விசாரிப்பது, குறி பார்த்து நல்லது என்று சொல்லி அனுப்புவது, பரிசம், நாள் குறிப்பது, மாப்பிள்ளை நேரில் வந்து அழைத்துப் போவது. பரிசத்தைத் தவிர மற்ற ஐந்துக்கும் வாத்து வேண்டும். தொடர்களில் எல்லா மணப்பெண்ணும் சிவப்பில் வருகிறாளே, அது பிற்கால வழக்கம். தாங் காலத்து மணப்பெண் பச்சை உடுத்தி, முக்காட்டுக்குப் பதிலாக விசிறியால் முகத்தை மறைத்திருப்பாள்.

கே: காதலர்கள் ஏன் எப்போதும் விளக்குத் திருவிழாவிலேயே சந்திக்கிறார்கள்? டைரக்டர்களுக்கு வேறு யோசனையே வராதா?

ப: தாங் தலைநகரமான சாங்ஆனில் இரவு முரசு ஒலித்ததும் குடியிருப்புப் பகுதிகளின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு தெருவில் சுற்றினால் 20 பிரம்படி. முதல் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று இரவு மட்டும் தடை கிடையாது. பாவம் டைரக்டர், அவருக்குக் கிடைத்ததே மூன்று ராத்திரிதான்.

கே: வணக்கம். அரசர் ஆணையிட்டு நடத்தும் கல்யாணத்தை மறுத்தால் உடனே தலை போகுமா?

ப: பெரும்பாலும் மறுக்கவே மாட்டார்கள், அதனால் தலையும் போகாது. ஆனால் மனதுக்குள் புகையும். தாங் காலத்து ஜெங் ஹாவ் என்பவர் அரசுத் தேர்வில் முதல் இடம் பிடித்தவர், பெரிய வீட்டுப் பிள்ளை. லூ என்ற குடும்பத்துப் பெண்ணை நிச்சயம் செய்து, கல்யாணத்துக்குக் கிளம்பியும் விட்டார். பாதி வழியில் ஜெங்ஜோவில் இருக்கும்போது ஆணை வந்து சேர்கிறது: திரும்பி வா, இளவரசி வான்ஷோவைக் கட்டிக்கொள். அவர் பெயரைச் சிபாரிசு செய்தவர் முதலமைச்சர் பாய் மின்ஜோங். 848இல் கல்யாணம் நடந்தது.

அரச குடும்பத்தில் சம்பந்தம் என்றால் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதான் நினைப்போம். அந்தக் காலத்தில் பழம்பெரும் குலங்கள் அரச குடும்பத்தைத் தங்களுக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்த்தன. லூ அப்படிப்பட்ட குலம். ஜெங் ஹாவுக்கு அரசர் மேல் கோபத்தைக் காட்ட முடியாது, பாய் மின்ஜோங் மேல் காட்டினார். சில வருடம் கழித்து எல்லைக்குப் போக வேண்டிவந்தபோது பாய் மின்ஜோங் பயந்துபோய் அரசரிடம், "நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மருமகன் என்னை முடித்துவிடுவார்" என்று புலம்பினார். அரசர் ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே முழுக்க ஜெங் ஹாவ் எழுதிய புகார்க் கடிதங்கள். "இதையெல்லாம் நம்பியிருந்தால் உன்னை இன்றுவரை வைத்திருப்பேனா?" என்றாராம். அந்தப் பெட்டியை மட்டும் வைத்து 40 எபிசோட் எடுக்கலாம்.

கே: சமாதானத்துக்காக வேற்று நாட்டு அரசனுக்குக் கட்டிக்கொடுக்கும் இளவரசிக்கு அங்கேயே காதல் மலர்வதாகக் காட்டுகிறார்களே?

ப: மலர்ந்தும் இருக்கலாம். ஆனால் 745ஐ மறந்துவிட வேண்டாம். அந்த வருடம் தாங் அரசவை, வடகிழக்கு எல்லையில் வாழ்ந்த கிதான், ஷி என்ற இரண்டு கூட்டங்களில் கிதான் தலைவனுக்கு ஒரு இளவரசியையும் ஷி தலைவனுக்கு ஒரு இளவரசியையும் அனுப்பியது. எல்லைத் தளபதி ஆன் லுஷான், போர் வெற்றி காட்டி அரசரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அதே மக்கள் மேல் திரும்பத் திரும்பப் படையெடுத்தார். அரை வருடத்துக்குள் இரண்டு கூட்டமும் தங்கள் இளவரசியைக் கொன்றுவிட்டுக் கிளர்ந்தெழுந்தன. பத்து வருடம் கழித்து தாங் பேரரசையே ஆட்டிவைத்த கலகத்தைத் தொடங்கியவரும் இதே ஆன் லுஷான்தான்.

கே: சினிமாவே தேவையில்லை என்கிற அளவுக்கு ஒரு நிஜ வாழ்க்கை சொல்லுங்கள் அக்கா.

ப: இளவரசி ஷின்செங். தாங் பேரரசர் தைஸோங்குக்கும் பட்டத்தரசி ஜாங்சுனுக்கும் பிறந்த கடைசிப் பெண். முதலில் அவளை வெய் ஜெங் என்ற பெரிய அமைச்சரின் மகனுக்குப் பேசினார்கள். 643இல் வெய் ஜெங் இறந்தார். நினைவுக் கல்வெட்டு வாசகத்தைத் தைஸோங்கே எழுதிக் கொடுத்தார். சில மாதத்தில் பட்டத்து இளவரசரின் சதி வெளியானது. அதில் மாட்டியவர்களில் வெய் ஜெங் ஒரு காலத்தில் சிபாரிசு செய்த ஆளும் இருந்தார். கோபம் செத்தவர் மேல் திரும்பியது. நிச்சயம் ரத்து, கல்வெட்டும் தரையில். பிறகு 645இல் கொரிய அரசான கொகுர்யோவுடன் நடந்த போரில் அடிவாங்கித் திரும்பிய தைஸோங், வெய் ஜெங் உயிரோடு இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று வருந்தி அந்தக் கல்லைத் திரும்ப நிறுத்தினார். கல் நின்றது, சம்பந்தம் நின்றது நின்றதுதான்.

அடுத்து அம்மா வழிச் சொந்தத்திலேயே ஜாங்சுன் சுவான் என்ற மாப்பிள்ளை. 649இல் தைஸோங் இறந்தார். ஊர் துக்கம் முடிந்துவிட்டதே, கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று சிலர் சொல்ல, மகளுக்குத் தந்தை துக்கம் முடியவில்லை என்று யூ ஜினிங் என்ற அமைச்சர் மறித்தார். மூன்று வருடத் துக்கம் என்பது நடைமுறையில் 27 மாதம். அதுவரை காத்திருந்துதான் கல்யாணம். 659இல் ஜாங்சுன் குடும்பமே அடுத்த அரசரின் பட்டத்தரசி வூ ஸெதியானின் அரசியலில் கவிழ்ந்தது. கணவனை நாடு கடத்தினார்கள். போய்ச் சேர்ந்த ஊரின் அதிகாரி, மேலிடம் மகிழும் என்று கணக்குப் போட்டு அவனை அடித்தே கொன்றான். இளவரசிக்கு மறுமணம் செய்துவைத்தார்கள். 663இல் அவளும் திடீரென்று இறந்துபோனாள். இரண்டாம் கணவன் மேல் சந்தேகம் விழுந்து அவன் தலையும் போயிற்று.

மூன்று சம்பந்தம். ஒன்றில்கூட அவளைக் கேட்டு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

கே: ஐயோ. ஒன்றாவது நல்லபடியாக முடிந்ததைச் சொல்லுங்கள், தூங்கப் போக வேண்டும்.

ப: சரி. 589இல் சென் அரசு விழுந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் கதை. பல தலைமுறை கழித்து எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசி லெசாங்கும் கணவன் ஷு தெயானும் பிரியப்போகிறோம் என்று தெரிந்து ஒரு கண்ணாடியை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள். முதல் மாதத்துப் பௌர்ணமி அன்று தலைநகரச் சந்தையில் அதை விற்க வேண்டும் என்று பேச்சு. அவள் வெற்றிபெற்ற பக்கத்துத் தளபதி யாங் சுவின் வீட்டுக்குப் போய்விட்டாள். ஷு தெயான் தட்டுத்தடுமாறி ஊர் வந்து சேர்ந்து, குறித்த நாளில் சந்தைக்குப் போனான். அங்கே ஒரு வேலைக்காரக் கிழவன் பாதிக் கண்ணாடிக்கு யானை விலை சொல்லிக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷு தெயான் தன் பாதியை எடுத்துப் பொருத்திக் காட்டினான். விஷயம் யாங் சு காதுக்குப் போனதும் ஷு தெயானைக் கூப்பிட்டு மனைவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் தெற்கே போய்க் கடைசிவரை சேர்ந்தே இருந்தார்கள் என்று முடிகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஆள் அந்தக் கிழவன்தான். நியாயமான விலை சொல்லியிருந்தால் காலையிலேயே எவனாவது வாங்கிக்கொண்டு போயிருப்பான்.