ஈஸ்ட்ஹாமில் ஸ்னோ விழுமா?

வணக்கம் அண்ணை,

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். போனில் இருக்கும் வானிலை ஆப், பத்து நாள் கழித்து வரும் புதன்கிழமைக்கு ஸ்னோ படம் போடும். பிள்ளைகள் நாள் எண்ணத் தொடங்குவார்கள். திங்கட்கிழமை பார்த்தால் அது மழைப் படமாக மாறியிருக்கும். போன முறை பிகின் ஹில்லில் இருக்கும் மச்சான் முற்றம் முழுக்க வெள்ளையாகப் படம் எடுத்து அனுப்பினான். அதே நேரம் இங்கே கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் வெறும் மழை. நேர்கோட்டில் பதினைந்து மைல்தான் இருக்கும். வானிலை ஆர்வலர்கள் 850 என்கிறார்கள், 528 என்கிறார்கள், என்செம்பிள் என்கிறார்கள். எனக்கு அந்த வரைபடங்கள் பார்க்கத் தெரியாது. ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்? கிறிஸ்மசுக்கு விழுமா என்று சின்னவள் வேறு கேட்டபடி இருக்கிறாள்.

ர., ஈஸ்ட்ஹாம்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஆப் சங்கதி. பெரும்பாலான இலவச ஆப்கள் ஒரேயொரு கணினிக் கணிப்பின் எண்களை எடுத்து, மனிதர் யாரும் பார்க்காமலேயே படமாக மாற்றிவிடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் 384 மணி நேரம், அதாவது 16 நாள் வரை போகும். பதினோராம் நாள் உங்கள் இடம் அடங்கும் வரைபடக் கட்டத்தில் ஈரப்பதமும் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையும் ஒன்றாக வந்தால் ஸ்னோ படம் விழும். ஆறு மணி நேரம் கழித்து அடுத்த ஓட்டம் வேறொன்று சொல்லும், படம் போய்விடும். ஆப் பொய் சொல்லவில்லை, சொல்லத் தகுதியில்லாத தூரத்தில் நின்று சொல்கிறது. ஐந்து நாளுக்கு அப்பால் தெரியும் ஸ்னோ படத்தைப் பிள்ளைகளிடம் காட்டாதீர்கள்.

லண்டனின் அடிப்படைச் சிக்கல், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதுதான். ஈரத்தைக் கொண்டுவருவது மேற்கு, தென்மேற்குக் காற்று. அது அட்லாண்டிக் கடல் மேல் வெதுவெதுப்பாகி வருவதால் மழைதான் தரும். குளிரைக் கொண்டுவருவது கிழக்குக் காற்று. அது பெரும்பாலும் உயர் அழுத்தத்தோடு வருவதால் காய்ந்து கிடக்கும். எலும்பைக் குத்தும் குளிர் நான்கு நாள் அடித்தும் ஒரு துகள் விழாமல் போவது இதனால்தான். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க இரண்டே வழிகள். கிழக்குக் காற்று வட கடலில் ஈரம் அள்ளிக்கொண்டு வருவது ஒன்று. தேங்கி நிற்கும் குளிர்காற்றின் மேல் தென்மேற்கிலிருந்து ஒரு மழைமுகப்பு, அதாவது ஈரக்காற்றின் முன்விளிம்பு, ஏறி வருவது மற்றது. (வடக்கிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் காற்றின் ஸ்னோ பெரும்பாலும் ஸ்காட்லாந்தோடும் கிழக்குக் கரையோடும் முடிந்துவிடும். அதை நம்பி நீங்கள் விழித்திருக்க வேண்டாம்.)

பத்து நாள் தூரத்தில் ஸ்னோவைத் தேடாதீர்கள், அழுத்த அமைப்பை மட்டும் பாருங்கள். ஸ்காண்டினேவியாவின் மேலோ கிரீன்லாந்தின் மேலோ உயர் அழுத்தம் உட்கார்ந்து அட்லாண்டிக் காற்றை மறிக்கிறதா? அதற்குத்தான் என்செம்பிள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாடல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணிப்பை 51 முறை ஓட்டுகிறது. வரைபடத்தில் ஓர் ஓட்டத்துக்கு ஒரு கோடு. 51இல் எட்டுக் கோடுகள் மட்டும் குளிருக்குள் இறங்கினால் அது ஆசை. முப்பதுக்கு மேல் இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் பேச விஷயம் இருக்கிறது. எல்லாரும் பகிரும் மிக அழகான வரைபடம் பெரும்பாலும் அந்த எட்டில் ஒன்றாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு சொல் காதில் விழும்: அடுக்கு மண்டலத் திடீர் வெப்பமேற்றம். துருவத்துக்கு மேலே முப்பது கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று உடைந்து திசை மாறுவது. 2018 பெப்ரவரி 12இல் அது நடந்தது. இரண்டு வாரத்தில் சைபீரியக் காற்று லண்டனில் நின்றது. அதையே ஆதாரமாக வைத்து ஒவ்வொரு வருடமும் ஆர்வலர்கள் ஆடுவார்கள். 2019 ஜனவரித் தொடக்கத்திலும் அதே உடைவு நடந்தது, ஆனால் அந்தக் குளிர் இங்கே இறங்கவில்லை. உடைவு கதவைத் திறக்கும். யார் வீட்டுக் கதவு என்பதை அது சொல்லாது.

மூன்று, நான்கு நாளுக்குள் வந்தபின் 850ஐப் பாருங்கள். அழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்து வெப்பநிலை அது. தரையிலிருந்து சுமார் 1300 முதல் 1500 மீட்டர். கடல் தாண்டி வரும் காற்றில் அங்கே மைனஸ் 5க்கு மேலே நின்றால் ஈஸ்ட்ஹாம் போன்ற தாழ்நிலத்துக்கு நம்பிக்கை குறைவு. மைனஸ் 8, மைனஸ் 10 என்றால் நல்லது. 528 என்பது 1000க்கும் 500 ஹெக்டோபாஸ்கலுக்கும் இடைப்பட்ட காற்றடுக்கின் தடிமன், டெக்காமீட்டரில். காற்று குளிர்ந்தால் அடுக்கு மெலியும். 528க்குக் கீழே போனால் மழையா ஸ்னோவா என்பது ஏறக்குறைய சரிபாதி. இந்த இரண்டு எண்களையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். கீழே கண்டத்துக் குளிர்காற்று தேங்கிக் கிடந்தால் 850இல் மைனஸ் 2 இருந்தும் நன்றாகவே விழும். கடலோரத்தில் கீழ்க்காற்று சூடேறியிருந்தால் மைனஸ் 8 இருந்தும் மழையும் ஸ்னோவும் கலந்த ஸ்லீட்தான் கிடைக்கும்.

இனி உங்கள் பகுதிக்கென்றே அமைந்த விஷயம், தேம்ஸ் ஸ்ட்ரீமர் எனப்படும் ஸ்னோ மேகக் கோடு. ஈஸ்ட்ஹாமில் இருப்பவர் இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். வட கடலின் தெற்குப் பகுதி பெப்ரவரியில் சுமார் 6 டிகிரியில் இருக்கும். அதன் மேல் மைனஸ் 10 காற்று வந்தால், கடல் மேற்பரப்புக்கும் 850க்கும் வித்தியாசம் 16. 13 இருந்தாலே மேகம் கிளம்பிவிடும். அடுப்பில் வைத்த பானைபோல் அடியில் சூடு, மேலே குளிர். அந்த மேகங்கள் காற்றின் திசையிலேயே கோடாக அடுக்கிக்கொண்டு வரும். தேம்ஸ் கழிமுகம் புனல்போல் கிழக்கே விரிந்திருக்கிறது. இரு கரை நிலமும் காற்றைச் சற்றே இழுத்துப் பிடிப்பதால் நடுவில் காற்று ஒன்றுசேர்ந்து மேலெழும். காற்று கிழக்கு அல்லது கிழக்கு வடகிழக்கிலிருந்து, அதாவது சுமார் 70 முதல் 90 பாகைக்குள் இருந்தால் அந்தக் கோடு ஆற்றோடு ஏறி லண்டனுக்குள் நுழையும். 2009 பெப்ரவரி முதலாம் திகதி இரவு நடந்தது இதுதான். மறுநாள் காலை லண்டனில் ஒரு பேருந்துகூட ஓடவில்லை. 2018 பெப்ரவரி கடைசியிலும் இதே பாதை.

இது தவறிப்போவது மூன்று இடங்களில். காற்று இன்னும் வடக்கே திரும்பினால் கோடு கழிமுகத்துக்குத் தெற்கே கென்ட்டுக்குப் போய்விடும். தென்கிழக்கே திரும்பினால் கடல் மேல் ஓடும் தூரம் குறைந்து மேகமே வளராது, பெல்ஜியத்துக்கும் கென்ட்டுக்கும் நடுவே இருக்கும் கடல் அவ்வளவு சின்னது. உயர் அழுத்தம் மிக அருகில், 1030 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் நின்றால் மேகத்துக்கு மூடிபோட்டதுபோல் ஆகி, மாவு தூவியதுபோல் நாலு துகளோடு முடியும். பத்து, பதினைந்து பாகை வித்தியாசத்தைக் கணினி 24 மணி நேரத்துக்கு முன்புகூடச் சரியாகப் பிடிப்பதில்லை. ஸ்ட்ரீமர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலக் கோடு, உலக மாடலின் கட்டமே அவ்வளவு இருக்கிறது. அதனால் அந்த இரவில் மாடலை மூடிவிட்டு மழை ராடாரைத் திறவுங்கள். கோடு மார்கேட்டுக்கு வடக்கே கழிமுக வாயில் தெரிந்து, ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் அது உங்களுக்குத்தான்.

இரண்டாவது வழி, மழைமுகப்பு. 2022 டிசம்பர் 11 இரவு லண்டனை வெள்ளையாக்கியது கிழக்குக் காற்று அல்ல. சில நாள் தேங்கியிருந்த குளிரின் மேல் வந்த ஈரப்பட்டை. இப்படிப்பட்ட இரவில் எல்லாரும் வெப்பமானியைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது டியூ பாயிண்ட், பாடப்புத்தகத் தமிழில் பனிநிலை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அது டிகிரியில் சொல்கிறது. வறண்ட காற்றுக்குள் மழை விழுந்தால் அதில் ஒரு பங்கு ஆவியாகும், ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும், வெப்பநிலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கைக்கணக்கு உண்டு. வெப்பநிலைக்கும் டியூ பாயிண்டுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது சற்றே கூட. அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் கிடைக்கும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை.

போட்டுப் பாருங்கள். வெப்பநிலை 3, டியூ பாயிண்ட் மைனஸ் 3. இடைவெளி 6, அதில் மூன்றிலொன்று 2. ஈரக்குமிழ் 1க்கு இறங்கும். மழை கனத்தால் ஸ்னோவாக மாற வாய்ப்புண்டு. இப்போது வெப்பநிலை அதே 3, டியூ பாயிண்ட் 2. ஈரக்குமிழ் 2.7. விடிய விடிய விழித்திருந்தாலும் மழைதான். போனில் இரண்டுக்கும் ‘3 டிகிரி’ என்றுதான் போட்டிருக்கும். ஈரக்குமிழ் 0.5க்குக் கீழே இருந்தால்தான் விழுவது தரையில் தங்கும்.

கனம் ஏன் முக்கியம் என்றால், விழும் துகள் உருகும்போதும் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் சூட்டை எடுக்கிறது. கனமாக விழுந்து, காற்று அசையாமல் இருந்தால் பூஜ்யக் கோடு மேலிருந்து படிப்படியாகத் தரைக்கு இறங்கும். தூறல் என்றால் அது நடக்காது. காற்று வேகமாக வீசினால் குளிர்ந்த காற்று போய்ப் புதுச் சூடு வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஸ்லீட் கனமாகக் கொட்டும்போது மனம் தளராதீர்கள். மெலிந்தால் படுக்கலாம்.

மச்சான் வீட்டுக் கதைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. பிகின் ஹில் விமானத் திடல் கடல் மட்டத்திலிருந்து 182 மீட்டர். ஈஸ்ட்ஹாம் பத்து மீட்டர்கூடத் தேறாத ஆற்றுச் சமவெளி. கலங்கிய காற்றில் நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். அவருக்கு உங்களைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் லாபம். நகரத்தின் கட்டடமும் தாரும் வைத்திருக்கும் சூடு உங்கள் பக்கம் இன்னும் ஒரு டிகிரியைச் சேர்க்கும். உறைநிலைக் கோட்டுக்குக் கீழே 200, 300 மீட்டருக்குள் துகள் உருகிவிடும். அந்த உருகும் இடைவெளிக்குள் அவர் மேல்படியில் இருக்கிறார், நீங்கள் கீழ்ப்படியில். தெற்குக் குரொய்டனின் மேட்டுப்பகுதிக்கும் இதே லாபம் உண்டு. எல்லைக்கோட்டு இரவில் பிள்ளைகளைக் காரில் மச்சான் வீட்டுக்கு முந்தின மாலையே கூட்டிப்போவதுதான் நான் அறிந்த ஒரே உறுதியான வழி. விழத் தொடங்கியபின் அந்த ஏற்றத்தில் கார் ஏறாது.

வெளியே ஒரு வெப்பமானி வைப்பதானால் ஈரப்பதமும் காட்டுவதாக வாங்குங்கள். சுவரில் ஒட்டவேண்டாம், வீட்டுச் சூடு அதில் ஏறும். தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம், நிழல், காற்றோட்டம். பழைய மஞ்சள் சோடியம் விளக்குக் கம்பம் தெருவில் மிச்சமிருந்தால் அதுவே இன்னொரு கருவி. துகளா துளியா என்று அதன் கீழே தெளிவாகத் தெரியும். புது வெள்ளை எல்ஈடியில் கண் கூசுகிறது என்று ஆர்வலர்கள் குறைப்படுவது நியாயம்தான்.

‘12 சென்டிமீட்டர்’ என்று நிறம் தீட்டி வரும் வரைபடங்களைச் சந்தேகியுங்கள். பல தளங்கள் ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் ஸ்னோ என்று கண்ணை மூடிப் பெருக்குகின்றன, ஸ்லீட்டையும் சேர்த்தே. லண்டனின் ஈர ஸ்னோவில் பாதி தேறினால் பெரிது. நீங்களே அளக்க, 40 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றுக்கு வெள்ளை அடித்துத் திறந்த இடத்தில் வையுங்கள். புல்லில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், சிமெந்தில் உருகிவிடும். காலை ஒன்பது மணிக்கு அளவுகோலை மூன்று, நான்கு இடத்தில் நட்டுச் சராசரி எடுத்தால் போதும்.

சின்னவளின் கேள்விக்கு வருகிறேன். பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் கணக்கில் வெள்ளைக் கிறிஸ்மஸ் என்பது டிசம்பர் 25இன் 24 மணி நேரத்துக்குள் நாட்டின் ஏதாவது ஓரிடத்தில் ஒரு துகள் விழுந்ததைப் பார்த்துப் பதிவுசெய்வது. ஷெட்லாந்தில் ஒன்று விழுந்தாலும் செய்தியில் ‘வெள்ளைக் கிறிஸ்மஸ்’ என்பார்கள். ஈஸ்ட்ஹாமுக்கு டிசம்பர் நல்ல மாதமே அல்ல. வட கடல் அப்போது ஒன்பது, பத்து டிகிரியில் இருக்கும். பெப்ரவரியில் ஸ்னோ தரும் அதே கிழக்குக் காற்று டிசம்பரில் அந்தச் சூட்டைத் தாண்டி வரும்போது ஸ்லீட்டாகிவிடும். 1987 குளிர் ஜனவரி நடுவில் வந்தது. 1991, 2009, 2018 மூன்றும் பெப்ரவரி. கிறிஸ்மசுக்கு இல்லை, மாசி பிறந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லிவையுங்கள். ஊரில் அது பின்பனிக் காலம் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம். அங்கே பனி என்றால் புல்லில் நிற்கும் துளி என்று விளக்க வேண்டிவரும்.