மங்கியது மரமா, வார்னிஷா?

கேள்வி: எங்கள் வீட்டு மரத்தரை பழசாகி, களையே இல்லாமல் கிடக்கிறது. மெஷின் விட்டு மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: சட்டை அழுக்கானால் துவைப்பீர்களா, தோலை உரிப்பீர்களா? மங்கியிருப்பது பெரும்பாலும் மரமல்ல, அதன் மேலிருக்கும் வார்னிஷ். அதிகம் நடக்கும் இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடம் கழித்தும் முத்தாக நின்றால் வார்னிஷ் தாங்குகிறது. உள்ளே இறங்கி மரம் கருத்தால்தான் மெஷின் பேச்சு.

வார்னிஷ் தாங்கினாலும் உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். வெள்ளைத் துணியை டர்பன்டைனில் நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள். துணியில் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டினால் அது மெழுகு பாலிஷ். அதன்மேல் பாலியூரித்தேன் என்கிற தரை வார்னிஷ் பிடிக்காது. குழி குழியாக ஒதுங்கும், பிறகு உரியும். மெழுகு முழுக்கப் போனபின்தான் அடுத்த வேலை. மெழுகு இல்லையா? 150 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகுமளவு மட்டும் தேயுங்கள். மாவு மாதிரி வெள்ளைத் தூள் வரவேண்டும். மரத்தின் நிறத்தில் வந்தால் கை எல்லை தாண்டிவிட்டது. தூளை வேக்குவத்தால் எடுத்து, லேசான ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் தண்ணீர் கலப்பு பாலியூரித்தேன் ஒன்று அல்லது இரண்டு கோட். அவ்வளவுதான்.

மெஷின்தான் வழி என்றால், முதலில் பலகையின் கனத்தைப் பாருங்கள். வாசற்படி ஓரத்தில் வெட்டுமுகம் தெரியும். ஒட்டுப்பலகையின் மேல் மரத்தகடு 2 மி.மீ.க்குள் இருந்தால் மெஷின் வேண்டவே வேண்டாம். அடியிலுள்ள பிளை பல்லிளிக்கும். முழு மரமானால் சொரசொரப்பான 40-இல் தொடங்கி 60, 80, 100 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகப் போங்கள். 40 போட்டுவிட்டு 100-க்குத் தாவினால் கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் அடித்த மறுநாள் வரி வரியாகச் சிரிக்கும். உப்புத்தாள் மாட்டிய உருளை சுழலும்போது மெஷின் ஒரே இடத்தில் நின்றால் பள்ளம்தான். நகரத் தொடங்கியபின் இறக்குங்கள், நிற்குமுன் தூக்கிவிடுங்கள்.

ஆணி ஓரத்துக் கருங்கறையைத் தேய்த்தே எடுக்க நினைக்காதீர்கள். ஈரம் பட்ட இரும்பு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாவது அது, ஆழமாக இறங்கியிருக்கும். கையுறை போட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி, பிறகு நன்றாகக் கழுவித் துடைத்தால் வெளுக்கும்.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.