ராணுவ ஆட்சி வந்த பிறகு மியான்மரில் பத்திரிகையாளர்களுக்கு என்ன நேர்ந்தது? உள்ளே இருப்பவர்கள் சொல்ல முடியுமா?

நான் பத்திரிகைக்காரன் இல்லை. ரங்கூனில் (எங்கள் வீட்டில் யாங்கோன் என்று சொல்லிப் பழக்கமில்லை) பேப்பரும் வெற்றிலையும் விற்ற பெட்டிக்கடைக்காரன். கடைப் பலகையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

2013 ஏப்ரல் 1ஆம் தேதி நன்றாக நினைவிருக்கிறது. தனியார் நாளிதழுக்கு அனுமதி கிடைத்து, ஒரே காலையில் நான்கு பேப்பர் வந்தது. மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. 1960களில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி தனியார் பேப்பர்களை மூடியபோது தமிழ் நாளிதழ்களும் போயின. அதைப் பார்த்தவர் என் அப்பா. "எத்தனை நாளைக்கோ" என்றார். எட்டு வருஷம் தாங்கவில்லை.

2021 பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, விடியும்போது போனும் இல்லை, நெட்டும் இல்லை. மூன்று நாளில் ஃபேஸ்புக்கை அடைத்தார்கள். இங்கே பாதிப் பேருக்கு செய்தி என்றாலே ஃபேஸ்புக்தான். அப்புறம் வார்த்தைக்கே தடை வந்தது. நடந்ததை பர்மியில் 'ஆணா தெய்ன்' என்போம். ஆணா என்பது பாலி வழியாக வந்த நம்ம 'ஆணை'தான்; தெய்ன் என்றால் வாரிச் சுருட்டிக்கொள்வது. இந்த மாதிரிச் சொற்களை எழுதக்கூடாது என்று தகவல் அமைச்சகம் பத்திரிகைகளை எச்சரித்தது. மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டிவிபி, மியன்மார் நவ் உட்பட ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் ரத்து. அந்த மாதம் முடிவதற்குள் என் பலகையில் மிஞ்சியவை அரசாங்கப் பேப்பர்கள்தான். அதில் ஒன்றின் பெயர் சேமோன், அதாவது கண்ணாடி. யார் முகம் தெரியும் என்று கேட்காதீர்கள்.

சட்டத்திலும் 505அ என்று புதுப் பிரிவு சேர்த்தார்கள். மக்களைப் பயமுறுத்தினாய், பொய்ச் செய்தி பரப்பினாய் என்றால் மூன்று வருஷம் வரை உள்ளே. அது எவ்வளவோ தேவலை என்று பிறகு தெரிந்தது. 2023 மே மாதம் மோக்கா புயல் அடித்தபோது சேதத்தைப் படமெடுக்க சிட்வே போன மியன்மார் நவ் புகைப்படக்காரர் சாய் சாவ் தைக்கைப் பிடித்து, 20 வருஷம் போட்டார்கள். புயலைப் படமெடுத்ததற்கு!

இதெல்லாம் வெளியில் எல்லாருக்கும் தெரியும். வாசகனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. வழியில் சிப்பாய்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள். அதனால் வெளியே கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற மாதிரி, போனைத் துடைத்துவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்டோம். தடை போட்ட தளங்களைப் பார்க்க உதவும் விபிஎன்னை நீக்கு, செய்திச் சேனல்களை விட்டு விலகு, மைத்துனன் அனுப்பிய கேலிப்படத்தை அழி. முழுக்கக் காலியாக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். அதனால் நாலு சமையல் வீடியோ இருக்கட்டும் என்று விட்டு வைப்போம்.

ஒரு நாள் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் போனை வாங்கிய பையனுக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஒன்றில் நின்றான். தெரு நிறையக் கூட்டம், மஞ்சள் துணி, நடுவில் ஒருவர் கையை உயர்த்தியிருக்கிறார். "இது என்ன ஊர்வலம்?" என்றான். கோயில் திருவிழா, காவடி என்றேன். பெரிதாக்கிப் பார்த்தான். அலகு குத்திய கன்னத்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கையை உயர்த்தியிருந்தவர் என் அப்பா, அவருடைய கடைசிக் காவடி. சரி, எதற்கு வம்பு என்று அன்று ராத்திரி அந்தப் படத்தையும் அழித்துவிட்டேன்.