சாசரின் முகமும் அவருடைய யாத்திரிகர்களும்: கேள்வி பதில்

ஜெஃப்ரி சாசர் 14-ஆம் நூற்றாண்டு லண்டன்காரர், 1400-இல் இறந்தவர். சதர்க்கில் டபார்டு என்ற விடுதியில் கூடும் பலதரப்பட்ட யாத்திரிகர்கள் கேன்டர்பரியில் இருக்கும் புனிதர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குக் குதிரையில் போகிறார்கள், வழியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதுதான் 'கேன்டர்பரி கதைகள்'. இந்தக் கவிஞரையும் அவர் படைத்த மனிதர்களையும் 600 வருடமாக வரைந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் வரும் அந்த இரட்டைக் கூர்த் தாடி வைத்த பெரியவர் உண்மையிலேயே சாசர்தானா மேடம்? இல்லை, யாரோ கற்பனையில் வரைந்ததா?

முழுக் கற்பனை என்று தள்ள முடியாது. சாசருக்கு அடுத்த தலைமுறையில் தாமஸ் ஹாக்லீவ் என்று ஒரு கவிஞர் இருந்தார், அரசாங்க எழுத்தர், சாசரைத் தன் ஆசானாகக் கொண்டாடியவர். 1411-12 வாக்கில் இளவரசருக்காக எழுதிய நீண்ட கவிதையில், சாசரின் உருவம் என் மனதில் பசுமையாக இருக்கிறது, அவரை மறந்துபோனவர்கள் மறுபடி நினைவுகூர வேண்டும் என்றுதான் இந்தப் படத்தை இங்கே வரையச் செய்தேன் என்கிறார். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஒரு பிரதியில் அந்த வரிகளுக்குப் பக்கத்து ஓரத்திலேயே சாசர் நிற்கிறார். தலையில் முக்காடு, நரைத்த தாடி, கழுத்திலிருந்து தொங்கும் பேனாக் கூடு, ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கை அந்த வரிகளைச் சுட்டிக் காட்டுகிறது.

நான் எல்லோரிடமும் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். படத்தைப் பார்க்க வந்தவரைப் படமே எழுத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. சாசர் படங்களில் எது நல்ல படம் என்று பார்க்க எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல்: வரைந்தவர் கவிதையைப் படித்தாரா?

கேள்வி: சாசர் தன்னைப் பற்றி எதுவும் எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார், ஆனால் எல்லாமே கிண்டல். யாத்திரிகர் கூட்டத்தில் தன்னையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு, கூடவே வரும் டபார்டு விடுதிக்காரர் வாயால் தன்னை வம்புக்கு இழுக்கிறார்: நீ யாரப்பா, எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டு முயலைத் தேடுகிறவன் மாதிரி இருக்கிறாய், உன் இடுப்பும் என் இடுப்பு மாதிரியே பெருத்திருக்கிறது! 'புகழின் மாளிகை' என்ற இன்னொரு கவிதையில் அவரைத் தூக்கிக்கொண்டு பறக்கும் கழுகு, தாங்க முடியாத கனம் என்று புலம்புகிறது. ஹாக்லீவ் காட்டும் பக்திமான் ஒருபுறம், இந்தக் கூச்ச சுபாவமுள்ள குண்டு மனிதர் ஒருபுறம். ஓவியர்களில் பெரும்பாலோர் முதலாமவரையே எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

கேள்வி: எல்ஸ்மியர் கையெழுத்துப் பிரதி என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

சாசர் இறந்து சில ஆண்டுகளுக்குள் தோலில் எழுதப்பட்ட பிரதி அது, ஏறக்குறைய 40-க்கு 28 சென்டிமீட்டர் பக்கங்கள். எல்ஸ்மியர் பிரபுக்களின் குடும்பத்திடம் இருந்ததை 1917-இல் அமெரிக்கப் பணக்காரர் ஹென்றி ஹன்டிங்டன் வாங்கினார். இப்போது கலிபோர்னியாவில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கிறது. கதை சொல்லும் 23 பேரும், சாசர் உட்பட, குதிரைமேல் உட்கார்ந்தபடி பக்க ஓரங்களில் வருகிறார்கள். இவர்களை அறிமுகப்படுத்தும் முன்னுரையில் இந்தப் படங்கள் கிடையாது. ஒவ்வொருவர் படமும் அவரவர் கதை தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது, அதாவது இனி பேசப்போவது இவர் குரல், அதை மனதில் வைத்துக்கொண்டு படி என்று படம் சொல்கிறது.

வரைந்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், ஆனால் எல்லோரும் வரிவரியாகப் படித்திருக்கிறார்கள். ஆலைக்காரன் குதிரைமேலேயே பைக்குழல் ஊதுகிறான், முன்னுரையில் அப்படியே இருக்கிறது. சமையல்காரனின் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருக்கிறது, அங்கே அவனுக்கு ஆறாத புண் என்று சாசர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருப்பார். மருத்துவர் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இது முன்னுரையில் இல்லை, வெகுதூரம் தள்ளி விடுதிக்காரர் மருத்துவரிடம் பேசும்போதுதான் வருகிறது.

எனக்கு எல்லாரிலும் பிடித்தது பாத் நகரத்துப் பெண்மணி. ஐந்து கணவர்களைப் பார்த்தவள். அகன்ற தொப்பி, இடுப்பைச் சுற்றிய மேலாடை, காலில் குதிமுள் எல்லாம் முன்னுரைப்படி. கையில் சாட்டை மட்டும் அங்கே இல்லை. ஆனால் தன் கதைக்கு முன்னால் தன் திருமண வாழ்க்கையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறாளே, அங்கே, கணவர்களுக்குச் சாட்டையாக இருந்தது நான்தான் என்கிறாள். ஓவியர் அதைப் பிடித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். இதைவிட நல்ல உரை அந்தப் பாத்திரத்துக்கு வேண்டுமா?

கேள்வி: அதே பிரதியில் சாசருக்கு மட்டும் உடம்பு பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருக்கிறதே, ஏன்?

இடுப்புவரையான ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, குதிரையையும் காலையும் மீதி இடத்துக்குள் அடக்கியிருக்கலாம் என்பது பலர் சொல்லும் விளக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, படத்தை வைத்த இடம். சாசர் இரண்டு கதை சொல்கிறார். முதலாவது அசட்டுப் பாட்டு, விடுதிக்காரர் தாங்கமுடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார். இரண்டாவது நீளமான, கனமான உரைநடை. படம் இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கவிஞர் ஞானியாகத் தெரியவேண்டும் என்று அப்போதே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

கேள்வி: ராஜாவுக்கு முன்னால் நின்று கவிதை வாசிக்கும் பெரிய ஓவியம் ஒன்று பார்த்தேன். அப்படி நடந்ததா?

நீங்கள் சொல்வது ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் வரைந்த, மூன்றாம் எட்வர்டின் அரசவையில் சாசர் வாசிக்கும் ஓவியமாக இருக்கவேண்டும். 1851-இல் முடித்தார், சுமார் 12 அடி உயரம், 1876-லிருந்து சிட்னியில் இருக்கிறது. சாசருக்கு மாடலாக நின்றவர் ஓவியரும் கவிஞருமான ரோசெட்டி. காட்சி பிரவுனின் கற்பனை.

இதற்கு ஒரு பழைய முன்னோடி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சாசரின் 'டிராய்லஸும் கிரிசெய்டும்' என்ற காதல் காவியத்தின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதன் முகப்பில், பிரசங்க மேடை போன்ற ஒன்றில் நின்று ஒருவர் பட்டாடைக் கூட்டத்திடம் பேசுகிறார். அதையும் நடந்த நிகழ்ச்சியின் பதிவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்தப் பிரதியில் மேலும் சுமார் 90 படங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள், ஒன்றுகூட வரையப்படவில்லை. அந்த வெற்றிடங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

கேள்வி: அச்சு வந்த பிறகு?

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1483 வாக்கில் போட்ட 'கேன்டர்பரி கதைகள்' இரண்டாம் பதிப்பில் மரக்கட்டைப் படங்கள் வருகின்றன. செலவைக் குறைக்க ஒரே கட்டையை இரண்டு யாத்திரிகர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் வட்ட மேசையைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் அருமை.

கேள்வி: வில்லியம் பிளேக்குக்கும் ஸ்டோதர்டுக்கும் சாசர் படத்தால் சண்டை என்று கேள்விப்பட்டேன். யார் பக்கம் நியாயம் அக்கா?

பதிப்பாளர் ராபர்ட் க்ரோமெக், யாத்திரிகர்கள் வரிசையாகக் குதிரையில் போகும் ஓவியம் ஒன்றை தாமஸ் ஸ்டோதர்டிடம் வரையச் சொன்னார். 1807-இல் அது காட்சிக்கு வந்து கூட்டம் அலைமோதியது. இது என் யோசனை, என்னிடமிருந்து திருடப்பட்டது என்றார் கவிஞரும் ஓவியருமான பிளேக். ஆய்வாளர்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை. ஸ்டோதர்டுடன் இருந்த நீண்டநாள் நட்பு அதோடு போயிற்று.

பிளேக் தன் ஓவியத்தை வரைந்து 1809-இல் லண்டனில் தன் அண்ணனின் காலுறைக் கடை இருந்த வீட்டிலேயே கண்காட்சி வைத்தார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு பத்திரிகை விமர்சகர் அவரைப் பாவப்பட்ட பைத்தியம் என்று எழுதினார். மறு ஆண்டு செதுக்கோவியமாகவும் வெளியிட்டார், ஸ்டோதர்டின் படத்துக்குக் கிடைத்த விற்பனை இதற்குக் கிடைக்கவில்லை. மூல ஓவியம் இன்று கிளாஸ்கோவில் இருக்கிறது.

யோசனை யாருடையது என்பதை விட்டுவிடுவோம். படிப்பு என்று வந்தால் நான் பிளேக் பக்கம். கண்காட்சிக்கு அவர் எழுதிய விளக்கப் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். நியூட்டன் நட்சத்திரங்களை எண்ணியதுபோல, லின்னேயஸ் தாவரங்களை எண்ணியதுபோல, சாசர் மனித வகைகளை எண்ணினார் என்கிறார். அந்த யாத்திரிகர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பவர்கள், பெயர்தான் மாறுகிறது என்பது அவர் வாதம். அப்புறம் ஸ்டோதர்டைப் பிடிக்கிறார்: பாத் நகரத்துப் பெண்மணியை இளம் அழகியாக வரைந்துவிட்டாரே! கோபத்தில் சொன்னதுதான், ஆனால் வரியைக் காட்டிக் கேட்கிற கேள்வி. சாசர் எழுதியது காது சரியாகக் கேட்காத, பல் இடைவெளி விட்ட, துணிச்சலான சிவந்த முகம் கொண்ட, ஐந்து முறை மணம் முடித்த ஒருத்தியை. ஸ்டோதர்டின் குதிரைகள் அழகு, வெளிச்சம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓவியத்தில் யாரும் கதை சொல்லப்போகிறவர் மாதிரித் தெரியவில்லை.

கேள்வி: கெல்ம்ஸ்காட் சாசர் தான் உலகிலேயே அழகான புத்தகம் என்கிறார்களே?

அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் போட்ட சாசர் தொகுப்பு அது. எழுத்துருவிலிருந்து ஓர அலங்காரம்வரை அவரே வடிவமைத்தார், அவருடைய நண்பரான ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 87 படங்கள் வரைந்தார், காகிதத்தில் 425 பிரதி, தோலில் 13. 1896 ஜூனில் முதல் பிரதிகள் வந்தன, அக்டோபரில் மாரிஸ் இறந்துவிட்டார்.

ஆனால் ஆலைக்காரனின் கதைக்கு அதில் படமே கிடையாது. பச்சையான கதைகளைப் பர்ன்-ஜோன்ஸ் வேண்டுமென்றே விட்டுவிட்டார், மாரிஸ் வற்புறுத்தியும் கேட்கவில்லை. இருக்கும் படங்களிலும் எல்லோரும் ஒரே மெலிந்த, சோகமான, அழகான முகம். சிரிப்பை எடுத்துவிட்டால் சாசரில் பாதி போய்விடும், அதனால்தான் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவரைப் படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: பர்ன்-ஜோன்ஸ் ஒரு அலமாரியிலும் சாசர் கதை வரைந்தாராமே?

ஆமாம், மாரிஸின் திருமணத்துக்குக் கொடுத்த பெரிய துணி அலமாரி, ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ளது கன்னியர் மடத் தலைவி சொல்லும் கதை. யூதர்கள் ஒரு கிறிஸ்தவச் சிறுவனைக் கொன்றதாகச் சொல்லும், இடைக்காலத்தில் யூதர்கள்மேல் கட்டிவிடப்பட்ட அதே பொய்ப் பழியைச் சுமந்த கதை. அலமாரியில் கண்ணைப் பறிப்பது மாதாவும் சிறுவனும்தான், வண்ணங்கள் அவ்வளவு மென்மை. அந்த மென்மையைத்தான் கேள்வி கேட்கவேண்டும். காட்சிக்கு வைத்திருப்பது சரி, ஆனால் இந்தப் பின்னணியைச் சொல்லாமல் யாரும் அதைக் காட்டக்கூடாது.

கேள்வி: சினிமாவில் எதைப் பார்க்கலாம்?

இத்தாலிய இயக்குநர் பசோலினி 'கேன்டர்பரி கதைகளை' வைத்து எடுத்த 1972 படம், பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. சாசராக நடித்ததும் அவரே. பர்ன்-ஜோன்ஸ் ஒதுக்கிய பச்சைக் கதைகளையெல்லாம் பசோலினி தேடி எடுத்திருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் மட்டும் பார்க்கிற படம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1944-இல் பவல், பிரெஸ்பர்கர் என்ற இரட்டை இயக்குநர்கள் எடுத்த 'எ கேன்டர்பரி டேல்' வேறு மாதிரி. தொடக்கத்தில் ஒரு யாத்திரிகர் பறக்கவிடும் பருந்து அடுத்த நொடி போர்விமானமாகிறது, மற்றபடி கதை முழுக்க இரண்டாம் உலகப் போர்க்காலம். 2001-இல் வந்த 'எ நைட்ஸ் டேல்' படத்தில் பால் பெட்டனி சாசராக வருகிறார், சூதில் துணிவரை தோற்றுவிட்டு அம்மணமாகச் சாலையில் நடந்தபடி அறிமுகமாகிறார். யாத்திரிகர்களில் ஒருவரான நைட் (போர்வீரர்) சொல்லும் கதைக்கும் அந்தப் படத்துக்கும் பெயரைத் தவிரப் பெரிதாக ஒட்டில்லை, ஆனாலும் பேச்சால் பிழைக்கிற, தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொள்கிற அந்த மனிதர் விடுதிக்காரர் வர்ணித்த சாசருக்கு ரொம்பவே பக்கத்தில் வருகிறார்.

கேள்வி: எல்ஸ்மியர் படங்களைப் பார்க்க அமெரிக்கா போகவேண்டுமா?

வேண்டாம். ஹன்டிங்டன் நூலகமே பக்கங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் முன்னுரையில் சமையல்காரனைப் பற்றிய வரிகளைப் படித்துவிட்டு, அவன் கதை தொடங்கும் பக்கத்துக்குப் போங்கள், காலைப் பாருங்கள்.