எல்லாரும் பரிசுத்தவான்கள் என்றால் புனிதர் பட்டம் எதற்கு?

கேள்வி: நான் எலத்தகிரியில் பிறந்த கத்தோலிக்கப் பெண். பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். தேவசகாயம் பிள்ளை படத்தைச் சுவரில் மாட்டியதற்கு மாமியார், "இரட்சிக்கப்பட்ட எல்லாரும் பரிசுத்தவான்கள்தான், மரித்தவரிடம் எதற்கு ஜெபம்?" என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: மாமியார் சொல்வதில் முதல் பாதியைத் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். கொரிந்து சபையில் கட்சி கட்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, கர்த்தரின் பந்தியிலேயே ஒருவன் பசியோடும் இன்னொருவன் குடிவெறியோடும் இருந்தான். இத்தனையையும் கண்டித்து எழுதிய பவுல், அதே கடிதத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் இதை மறுக்கவில்லை. நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் பெருவிழா, பட்டம் பெறாத, பெயரே தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, ரோம் பட்டம் கொடுப்பது எதற்கு? அது யாரையும் புனிதர் ஆக்குவதில்லை, இவர் இறைவனோடு இருக்கிறார், உலகமெங்கும் வணக்கம் செலுத்தலாம் என்று விசாரித்து அறிவிக்கிறது. அந்த விசாரணை லேசுப்பட்டது இல்லை. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தேவசகாயம் சுடப்பட்டது 1752இல். புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் ஆனது 2012இல், புனிதர் ஆனது 2022 மே 15இல். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்பதால் அருளாளர் நிலைக்குப் புதுமை, அதாவது அற்புதம், கேட்கவில்லை, புனிதர் நிலைக்குக் கேட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதற்கு ரோமை எதிர்பார்ப்பதில்லை. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை தன் ஆயர் பருமலா திருமேனியை 1947இல் தானே புனிதராக அறிவித்தது.

உண்மையான பிளவு மாமியாரின் இரண்டாம் பாதியில் இருக்கிறது. இறந்தவரிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கலாமா? உயிரோடிருக்கும் ஒருவரிடம் ஜெபிக்கச் சொல்வது போலத்தான் இதுவும், சாவு அந்த உறவை அறுத்துவிடாது என்பது உங்கள் சபை. மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே என்ற தீமோத்தேயு வசனத்தைக் காட்டி, கூடவே கூடாது என்பது மாமியாரின் சபை. இதை மழுப்பி, எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன், ஒன்றில்லை.

ஆனாலும் சீர்திருத்த சபைகள் எல்லாம் புனிதர்களைத் தூக்கி எறியவில்லை. 1530இல் லூத்தரன்கள் வைத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையே, அவர்களிடம் வேண்டக் கூடாது, ஆனால் நம் விசுவாசம் பலப்பட அவர்களை நினைவுகூரலாம் என்கிறது. ஆகவே படத்தைக் கழற்ற வேண்டாம். அதன் முன் ஜெபிக்கும்படி மாமியாரை வற்புறுத்தவும் வேண்டாம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன் 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனதையும், எருமைமேல் உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனபோதும் கிறிஸ்துவை மறுதலிக்காததையும் மாமியாருக்குச் சொல்லுங்கள். அந்தச் சாட்சியைக் கேட்க எந்தப் பெந்தெகொஸ்தே விசுவாசியும் மறுக்க மாட்டார்.