எல்க் கறிக்கு எத்தனை நடை?

"டென்வர்ல ஐ.டி. வேலை, எச்1பி விசா. ரெண்டு சீசன் நண்பரோட எல்க்ங்கற பெரிய மான் வேட்டைக்குப் போயிருக்கேன். இந்த அக்டோபர்ல ஒயிட் ரிவர் நேஷனல் ஃபாரஸ்ட்ல துப்பாக்கியோட தனியா போறேன், ரோட்ல இருந்து அஞ்சு மைல் உள்ளே கேம்ப். எதைக் கவனிக்கணும்?"
‍- கொலராடோ வாசகர்

தம்பி, அஞ்சு மைல்னு படிச்சதும் திக்குன்னு இருந்துச்சு. ஆள் போகாத இடத்துலதான் எல்க் நிக்கும், சரிதான், ஆனா பெரிய ஆண் எல்க்குல எலும்பைக் கழிச்சாலே 80, 90 கிலோ கறி தேறும், நடைக்கு 25 கிலோன்னு வெச்சா நாலு நடை, நடுவுல மூணு தடவை வெறுங்கையோட திரும்பப் போகணும், ஆக ஏழு தடவை அஞ்சு மைல், 35 மைல், அதுவும் மூச்சு வாங்குற மலையில ஒத்த ஆளா! அதுக்குள்ள கறி கெட்டுரும், தின்னக்கூடிய கறியை வீணாக்குறது அங்க சட்டப்படி குத்தம், அதைவிட அந்த உயிருக்கு நாம பண்ற துரோகம். ஒன்றரை மைலுக்கு மேல போகாதீங்க. சுட்டதும் தோலை உரிச்சு, தொடை சப்பையெல்லாம் துணிப்பையில போட்டு, குடல் கிடக்குற இடத்துல இருந்து தள்ளி, நிழல்ல காத்து படுற மாதிரி மரத்துல கட்டுங்க. அடுத்த நடைக்கு வரும்போது தூரத்துலயே நின்னு பாத்துட்டு, சத்தம் போட்டுக்கிட்டே வாங்க, கரடி வந்திருக்கலாம்.

விசா விஷயம் ரொம்ப முக்கியம். எச்1பில இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கவே ஃபெடரல் சட்டத்துல தடை, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதி ஆச்சுன்னா விலக்கும் போச்சு, அதனால முதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி, ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் கேட்டுக்கோங்க.

மத்த வேட்டைக்காரங்க கண்ணுல படற மாதிரி ஆரஞ்சு இல்லன்னா பிங்க் ஃப்ளோரசன்ட் துணி 500 சதுர இன்ச், தொப்பியும் சேர்த்து, போட்டிருக்கணும், தெரிஞ்சிருக்கும். மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிருங்க, நடுநடுவுல பிரைவேட் நிலம் வரும், அங்க சிக்னலும் இருக்காது.

ஒரு தடவை நான் இருட்டுல ஒத்தையா அறுத்துக்கிட்டு இருந்தப்போ கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிஞ்சுது, கட்டுப்போட இன்னொரு கை இல்லையேன்னு அன்னிக்கு அழுதேன். அதனால மெதுவா அறுங்க, ரத்தம் நிறுத்துற டூர்னிகே இடுப்புலயே இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்துலயும் மெசேஜ் அனுப்புற சாட்டிலைட் மெசஞ்சர் கண்டிப்பா வேணும். எந்த யூனிட் (வேட்டைக்குன்னு பிரிச்சிருக்கற பகுதி), கார் எங்க நிக்கும், கார் நம்பர், எத்தனை மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் பண்ணணும்னு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வீட்ல குடுத்துட்டுப் போங்க. அந்த நேரத்தை வீட்ல இருக்கறவங்களே முடிவு பண்ணட்டும்.