எண்ணெய்ச் சூடு கைக்குள் நிற்க என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பலகாரம் போட்டுக் கொடுக்கிறோம். கை முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடைதான் அதிகம். விறகடுப்பை விட்டுவிட்டு 9 கிலோவாட் மின் ஃப்ரையர் வாங்கினோம். சூட்டைக் குறிக்கும் குமிழியை 180 டிகிரியிலேயே வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒரு ஈடு சிவந்து போகிறது, அடுத்த ஈடு எண்ணெய் குடிக்கிறது. பிஎல்சி என்ற இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி போட்டால்தான் சரியாகும் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்களுக்குக் கட்டுப்படுத்த வேண்டியது ஒரே ஒரு விஷயம், எண்ணெய்ச் சூடு. அதற்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வழி இருக்கிறது. ஆனால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

உங்கள் ஃப்ரையரில் இருப்பது பெரும்பாலும் கேப்பிலரி தெர்மோஸ்டாட். எண்ணெய்க்குள் ஒரு சின்னக் குமிழ், அதற்குள் சூட்டில் விரியும் திரவம். குறித்த சூடு வந்ததும் சுவிட்சைத் தள்ளி ஹீட்டரை நிறுத்தும். சூடு நன்றாக இறங்கிய பிறகே மறுபடி போடும். முழுசாகப் போடுவது, முழுசாக நிறுத்துவது, இரண்டுதான் அதற்குத் தெரியும். நிறுத்திய பிறகும் ஹீட்டர் கம்பியில் சேர்ந்திருக்கும் சூடு எண்ணெயில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் 180-ல் நிறுத்தினாலும் அங்கே நிற்காமல் மேலே போகும். திரும்ப ஹீட்டர் போடும்போது இதே தாமதம் தலைகீழாக வரும்.

இதோடு ஈட்டின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். 20 லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம், எடை சுமார் 18 கிலோ. சரக்கு இல்லாமல் 9 கிலோவாட்டும் ஓடினால் நிமிடத்துக்கு 15 டிகிரி வரை ஏறும். அதில் 2 கிலோ மாவு பிழிகிறீர்கள். 600 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு மட்டும் சுமார் 1,350 கிலோஜூல் வேண்டும். 5 நிமிடத்தில் வேக வேண்டுமானால் 4.5 கிலோவாட், ஹீட்டரில் பாதி தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது. அதுவும் சீராகப் போவதில்லை. பிழிந்ததும் பொங்குகிறதே அந்த முதல் நிமிடத்தில்தான் இழுப்பு அதிகம். குமிழ் அதை உணர்ந்து சுவிட்ச் போடுவதற்குள் எண்ணெய் சரிந்திருக்கும், முறுக்கு எண்ணெய் குடித்திருக்கும்.

விறகடுப்பில் உங்கள் சரக்கு மாஸ்டர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். சூடு ரொம்பக் குறைவென்றால் தீயை நிறையக் கூட்டுவார், கொஞ்சம் குறைவென்றால் கொஞ்சம். அப்படியும் பதத்துக்கு வராமல் இழுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு சுள்ளியாக வைத்துக்கொண்டே வருவார். எண்ணெய் வேகமாகக் காய்கிறதென்று கண்டால், பதம் வருவதற்கு முன்பே கொள்ளியை வெளியே இழுப்பார். இந்த மூன்று கைவேலையும் சேர்ந்ததுதான் பிஐடி கட்டுப்பாடு. இப்போதைய குறையைப் பார்ப்பது பி, சேர்ந்துவிட்ட குறையைப் பார்ப்பது ஐ, மாறும் வேகத்தைப் பார்ப்பது டி. 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, மாலுமிகள் சுக்கான் பிடிக்கும் விதத்தைக் கவனித்து இதைக் கணக்காக எழுதினார். உங்கள் மாஸ்டரின் கை அறிந்த வித்தையும் அதுவே. அவரை ஒதுக்கிவிட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். எந்தச் சூட்டில் எந்தப் பலகாரம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சரி, என்ன வாங்குவது? ஒரு பிஐடி கன்ட்ரோலர், சூட்டை அளக்க ஒரு பிடி-100 சென்சார், மூன்று ஃபேஸுக்கும் எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்). பிடி-100 பிளாட்டினத்தால் ஆனது, 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் மின்தடை காட்டும். உங்கள் சூட்டுக்கு நம்பகமானது. அதை ஹீட்டரை ஒட்டி வைத்தால் ஹீட்டரின் சூட்டைத்தான் சொல்லும். முறுக்கு மிதக்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கரண்டி இடிக்காத ஓரத்தில் வையுங்கள். தினமும் அதில் ஒட்டும் மாவுத் தூளைத் துடைத்துவிடுங்கள். தூள் படிந்த சென்சார் மெதுவாகத்தான் பேசும்.

எஸ்எஸ்ஆர் ஹீட்டரை நொடிக்கணக்கில் விட்டுவிட்டு ஓட்டும், அதனால் பாதி சூடு, கால் சூடு எல்லாம் கொடுக்க முடியும். 415 வோல்ட்டில் உங்கள் ஹீட்டர் ஃபேஸுக்குச் சுமார் 12.5 ஆம்பியர் இழுக்கும். 25 ஆம்பியருக்குக் குறையாமல், அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கோடு வாங்குங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்ஆர் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலரால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தனிச் சென்சாரோடு, கையால் ரீசெட் செய்கிற ஹை-லிமிட் கட்-அவுட் ஒன்று கட்டாயம் வேண்டும். சூடு எல்லை தாண்டினால் அது கான்டாக்டர் என்ற தனிப் பெரிய சுவிட்சை இறக்கி மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், அது தீ விபத்தைத் தடுப்பது.

பொருத்தியதும், கன்ட்ரோலர் உங்கள் ஃப்ரையருக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ-டியூன் ஓட்டுங்கள். வழக்கமான அளவு எண்ணெய் இருக்கட்டும். அது வேண்டுமென்றே சூட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கும், அதனால் அன்றைக்கு மட்டும் குறியை 10 டிகிரி குறைத்து வையுங்கள். அப்புறம் ஈட்டின் அளவை எடை போட்டு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரின் சக்திக்கு மேல் மாவு போட்டால் எந்தக் கன்ட்ரோலரும் உதவாது.

சூடு நிலைத்தால் எண்ணெயும் நாள்படும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதித்திருக்கிறது. அதிகச் சூடுதான் அதைச் சீக்கிரம் ஏற்றுகிறது.

பிஎல்சி எப்போது? கன்வேயர், எண்ணெய் பம்ப், வடிகட்டி, பேக்கிங் எல்லாம் ஒன்றுக்கொன்று காத்திருந்து ஓட வேண்டிய நாள் வரும்போது. அதுவரை ஒரு நோட்டில் ஒவ்வொரு ஈட்டுக்கும் நேரம், போடும்போது சூடு, அதிகபட்சச் சரிவு, நிறம் எழுதி வாருங்கள். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்கு முன், வேலை குறைவான நாளில் இதைச் செய்யுங்கள். அப்போது மாஸ்டருக்கும் பழக நேரம் கிடைக்கும்.